செட் கட்டளை: சத்தமே இல்லாமல் ஃபைலைக் கெடுக்கும் தவறுகள்

டெர்மினலில் இருந்துகொண்டே, எடிட்டரைத் திறக்காமல், ஒரு ஃபைலுக்குள் இருப்பதை மாற்ற வேண்டுமென்றால் எல்லோர் கையும் முதலில் போவது செட் (எஸ், ஈ, டி என்ற மூன்று எழுத்து) கட்டளையிடம்தான். பெல் ஆய்வகத்தில் லீ மக்மேன் 1973-74 வாக்கில் எழுதியது. அங்கே ஏற்கனவே புழக்கத்தில் இருந்த ஈடி என்ற வரி எடிட்டரின் கட்டளை மொழியை எடுத்துக்கொண்டு, ஃபைல் எத்தனை பெரிதானாலும் ஒவ்வொரு வரியாகப் படித்து, மாற்றி, வெளியே தள்ளிக்கொண்டே போகும்படி செய்தார். இன்றைக்கும் சர்வர் செட்டப் ஸ்கிரிப்ட், டாக்கர்ஃபைல், பில்டு ஸ்கிரிப்ட் என்று எதைத் திறந்தாலும் அது அங்கே இருக்கிறது.

அதனிடம் உள்ள சிக்கல், அது பேசாது என்பதுதான். மாற்றட்டுமா என்று கேட்காது, எத்தனை இடத்தில் மாற்றியது என்று சொல்லாது, ஒன்றையுமே மாற்றாவிட்டாலும் வேலை முடிந்தது என்றுதான் திரும்பி வரும். கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த மௌனத்தால்தான் பெரிதாகின்றன.

ஒரு சின்ன விஷயம்: கட்டளைகளையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். எஸ், ஜி, பி, என், ஐ என்றெல்லாம் வருவது கீபோர்டில் இருக்கும் அந்த ஒற்றை ஆங்கிலச் சின்ன எழுத்துகள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

சரி, எல்லாவற்றையும் விட மோசமானதில் ஆரம்பிப்போம். எஸ் என்றால், முதல் சாய்கோட்டுக்குப் பின் உள்ளதைத் தேடி, அடுத்ததற்குப் பின் உள்ளதை அங்கே வை என்று அர்த்தம்.

செட் 'எஸ்/சென்னை/கோவை/' முகவரி.டெக்ஸ்ட் > முகவரி.டெக்ஸ்ட்

படிக்கும் ஃபைலிலேயே எழுதவும் சொன்னால் என்ன ஆகும்? ஃபைல் காலியாகிவிடும், பூஜ்யம் பைட். > குறியைக் கவனிப்பது செட் இல்லை, நாம் தட்டுவதை வாங்கி ஓட்டும் ஷெல். அது செட்டைத் தொடங்குவதற்கு முன்பே வலது பக்கம் உள்ள ஃபைலைத் திறந்து துடைத்துவிடுகிறது, அப்புறம் செட் வந்து பார்க்கும்போது படிப்பதற்கு ஒரு வரிகூட மிச்சமில்லை. வேறொரு பெயரில் எழுதி, சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எம்வி போட்டுப் பழைய பெயருக்கு மாற்றுவதுதான் இதற்கு நேரான வழி.

அந்த இரண்டு படி எதற்கு என்றுதான் எல்லோரும் -ஐ பக்கம் போகிறார்கள். அந்த இடத்திலேயே மாற்று என்று அர்த்தம். வசதிதான், ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் இதைப் பயன்படுத்தக் கூடாது. செட் உங்கள் ஃபைலுக்குள் போய் எழுத்தைத் திருத்துவதில்லை. அதே டைரக்டரியில் ஒரு தற்காலிக ஃபைலை எழுதி, கடைசியில் அதைப் பழைய பெயருக்கு மாற்றிவிடுகிறது. அதாவது பெயர் பழசு, ஃபைல் புதுசு. இதனால் வரும் வினையை உபுண்டு சர்வரில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை வைத்திருப்பவர்கள் பார்த்திருப்பார்கள்: சைட்ஸ்-எனேபிள்ட் டைரக்டரியில் இருப்பவை வழக்கமாக வேறொரு ஃபைலைச் சுட்டும் வெறும் லிங்குகள், நிஜ ஃபைல் சைட்ஸ்-அவைலபிளில் இருக்கும். அந்த லிங்கின் மேல் செட் -ஐ ஓட்டினால் லிங்க் அழிந்து அதே பெயரில் ஒரு தனி ஃபைல் உட்கார்ந்துவிடும், அவைலபிளில் இருக்கும் மூல ஃபைல் பழையபடியே இருக்கும், அடுத்த மாதம் வேறொருவர் மூல ஃபைலைத் திருத்திவிட்டு ஏன் ஒன்றுமே மாறவில்லை என்று அரைநாள் தேடுவார். லினக்ஸில் இருக்கும் குனூ செட்டில் இதற்கென்றே --ஃபாலோ-சிம்லிங்க்ஸ் என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது. இல்லாவிட்டால் நேரடியாக மூல ஃபைலின் பெயரையே கொடுங்கள். டாக்கர் கண்டெய்னருக்குள் வெளியே இருக்கும் ஒற்றை ஃபைலை மட்டும் மவுண்ட் செய்திருந்தால் பெயர் மாற்றவே முடியாமல், டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி என்று பிழை வருவதற்கும் இதே காரணம்தான்.

அடுத்தது மேக். அங்கே இருப்பது பிஎஸ்டி வகை செட், அதற்கு -ஐ என்றால் பின்னால் பேக்கப் ஃபைலுக்கான வால் பெயர் கட்டாயம் வேண்டும். லினக்ஸ் பழக்கத்தில் வால் இல்லாமல் எழுதினால், உங்கள் எஸ் கட்டளையையே வால் பெயராக எடுத்துக்கொண்டு, ஃபைல் பெயரைக் கட்டளை என்று நினைத்து, சம்பந்தமே இல்லாத ஒரு பிழையைக் காட்டும். -ஐ, இடம், -ஈ என்று எழுதினாலோ ஃபைல் பெயரோடு -ஈ ஒட்டிய குப்பை ஃபைல்கள் டைரக்டரி முழுக்க வரும். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி ஓடுவது இடம் விடாமல் வால் ஒட்டிய வடிவம்:

செட் -ஐ.பேக் 'எஸ்/பழையது/புதியது/ஜி' பட்டியல்.டெக்ஸ்ட்

பேக்கப்பும் கிடைத்துவிடும். கடைசியில் உள்ள ஜி முக்கியம். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு வரியிலும் முதலில் வருவது மட்டும்தான் மாறும்.

வால் ஒட்டிக்கொள்ளும் இந்தக் குணம் லினக்ஸிலும் ஆபத்துதான். ஐ-க்குப் பிறகு ஒட்டி எழுதும் எதுவும் வால் பெயராகிவிடும். -என் என்றால் தானாக எதையும் அச்சிடாதே, பி சொன்ன வரியை மட்டும் அச்சிடு என்று அர்த்தம். -ஐஎன் என்று சேர்த்து எழுதினால் என் என்பது வால் பெயராகப் போய்விடும், தானாக அச்சிடுவது நிற்காது, பி பட்ட வரியெல்லாம் ஃபைலில் இரண்டிரண்டு முறை வந்து நிற்கும். அதையே -என்ஐ என்று முறை மாற்றி எழுதி, பி போட மறந்துவிட்டால் அதைவிட மோசம்: அச்சிட ஒன்றும் இல்லாததால் ஃபைல் மொத்தமும் காலி. -என், -ஐ இரண்டையும் சேர்க்கவே சேர்க்காதீர்கள் என்பதுதான் என் கருத்து, அந்தச் சேர்க்கை உண்மையில் தேவைப்படும் இடம் மிகக் குறைவு.

-ஐ போடுவதற்கு முன் இந்த ஒரு வரியை ஓட்டிப் பார்ப்பதைக் கைப்பழக்கம் ஆக்கிக்கொள்ளுங்கள்:

செட் 'எஸ்/பழையது/புதியது/ஜி' பட்டியல்.டெக்ஸ்ட் | டிஃப் -யு பட்டியல்.டெக்ஸ்ட் -

எந்த வரி போகிறது, எந்த வரி வருகிறது என்று கழித்தல், கூட்டல் குறியோடு கண் முன்னால் நிற்கும். செட் சொல்லாததையெல்லாம் டிஃப் சொல்லிவிடும்.

இனி, மாற்றாமலேயே முடிந்துபோகும் கதை. தொலைவிலிருந்து சர்வருக்குள் ரூட் (முழு அதிகாரக் கணக்கு) லாகினை மூடுவதற்கு, அதைக் கவனிக்கும் எஸ்எஸ்எச்டி என்ற நிரலின் அமைப்பு ஃபைலை மாற்ற ஸ்கிரிப்டில் இப்படி எழுதுவார்கள்:

செட் -ஐ 'எஸ்/^பெர்மிட்ரூட்லாகின் யெஸ்/பெர்மிட்ரூட்லாகின் நோ/' எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்

அந்த ஃபைலில் அந்த வரி பெரும்பாலும் # போட்டு கமெண்டாகத்தான் இருக்கும். ^ என்றால் வரியின் ஆரம்பம், ஆரம்பத்தில் # இருப்பதால் பொருந்தாது, செட் பூஜ்யம் என்ற வெற்றிக் குறியோடு திரும்பும், ஸ்கிரிப்ட் பச்சையாக முடியும், நீங்கள் மூடிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அதற்கு மேல் ஒன்று: எஸ்எஸ்எச்டி ஒரே அமைப்பு இரண்டு இடத்தில் இருந்தால் முதலில் பார்த்ததைத்தான் எடுத்துக்கொள்ளும், உபுண்டுவில் மேலேயே மற்ற ஃபைல்களை உள்ளே இழுக்கும் இன்க்ளூட் வரி இருப்பதால் வேறொரு சின்ன ஃபைலில் இருப்பது முந்திக்கொள்ளலாம். அதனால் செட் ஓடியதை நம்பாமல் விளைவைச் சோதியுங்கள். ஸ்கிரிப்டில் செட் வரிக்கு அடுத்த வரியாகவே தேடும் கட்டளையான கிரெப் -க்யூ போட்டு, புதிய வரி ஃபைலில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள். எஸ்எஸ்எச்டியை அதன் விரிவான டெஸ்ட் மோடில் ஓட்டினால் கடைசியில் எந்த மதிப்பு நிற்கிறது என்று அதுவே காட்டிவிடும்.

தேடும் பகுதியில் செய்யும் தவறுகளில் முதலிடம் புள்ளிக்கு. விலைப் பட்டியலில் டீ 12.50 என்று இருப்பதை 15.00 ஆக்க வேண்டும்.

எஸ்/12.50/15.00/

புள்ளி என்றால் ஏதாவது ஒரு எழுத்து. அதே பட்டியலில் மிக்சி 12150 என்று ஒரு வரி இருந்தால் அதுவும் பொருந்தும், மிக்சியின் விலை 15.00 ஆகிவிடும். 12\.50 என்று எழுத வேண்டும். ஐபி முகவரி மாற்றும்போது இதோடு இன்னொன்றும் சேரும்: 10.0.0.1 என்று தேடினால் 10.0.0.12-இன் முன்பகுதியும் மாட்டும். பின்னால் என்ன வரலாம், என்ன வரக்கூடாது என்பதையும் எழுதாமல் முகவரியைத் தொடாதீர்கள்.

மாற்றும் பகுதியில் & குறி. அதற்கு அங்கே, பொருந்தியது முழுவதும் என்று பொருள். முருகன் ஸ்டோர்ஸ் என்ற பெயரை முருகன் & சன்ஸ் ஆக்கப் போனால், முருகன் முருகன் ஸ்டோர்ஸ் சன்ஸ் என்று வரும். \& என்று எழுத வேண்டும். கடைப் பெயரில் இது கண்ணில் பட்டுவிடும், பாஸ்வேர்டில் படாது. ஸ்கிரிப்டில் உருவாக்கிய பாஸ்வேர்டை வேரியபிளில் வைத்து, இரட்டை மேற்கோளுக்குள் செட் வழியாகக் கான்ஃபிக் ஃபைலில் எழுதுகிறோம், அதில் ஒரு & இருந்தால் தப்பான பாஸ்வேர்டு சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். சாய்கோடு இருந்தால் பரவாயில்லை, பெரும்பாலும் செட் பிழை சொல்லி நின்றுவிடும். இந்த வேலைக்கு என்வ்சப்ஸ்ட் மாதிரி டெம்ப்ளேட் நிரப்பும் கருவிதான் சரி. பாதையை மாற்றும்போது சாய்கோடு தொல்லை கொடுத்தால் எஸ்-க்குப் பிறகு | அல்லது # வைத்துப் பிரியுங்கள், செட் ஒத்துக்கொள்ளும்.

வேறு கணினி மொழியில் ரெகெக்ஸ் (தேட வேண்டியதைக் குறிகளால் எழுதும் முறை) பழகிவிட்டு வருபவர்கள் இரண்டு இடத்தில் தடுக்கி விழுவார்கள். சாதாரண செட்டில் +, ?, |, ( ) அடைப்புக்குறி எல்லாம் வெறும் எழுத்துகள்தான், அவற்றுக்கு ரெகெக்ஸ் பொருள் வேண்டுமென்றால் பெரிய எழுத்தில் -ஈ போட வேண்டும். எண்ணுக்கு \டி கிடையாது, [0-9] என்றே எழுதுங்கள். அப்புறம், எத்தனை எழுத்தானாலும் என்று பொருள்படும் .* எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போகும், அதைச் சுருக்க செட்டில் வழி இல்லை. ஒரு வரியில் இரண்டு எச்டிஎம்எல் டேக் இருந்தால் <.*> முதல் டேகின் தொடக்கத்திலிருந்து கடைசி டேகின் முடிவு வரை விழுங்கிவிடும். <[^>]*> என்று எழுதினால் ஒவ்வொன்றாக எடுக்கும்.

தமிழ் ஃபைலில் செட் ஓட்டுபவர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், இதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. நமக்கு டு ஒரு எழுத்து. யூனிகோடில் அது ட, அதன் பின்னால் உகரக் குறி என்று இரண்டு. செட்டின் புள்ளி அந்த இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்கும். கடைசி எழுத்தை நீக்க எஸ்/.$// என்று போட்டால் வீடு என்பது வீட ஆகும், வீ ஆகாது. லொக்கேல் (மொழி, எழுத்து முறைக்கான அமைப்பு) அமைக்காத சின்ன டாக்கர் இமேஜில் இதே கட்டளை ஓடினால் இன்னும் மோசம்: அங்கே புள்ளி என்பது ஒரு பைட், தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட், மூன்றில் ஒன்றை வெட்டிவிட்டு உடைந்த எழுத்தை விட்டுவிடும். தமிழோடு வேலை செய்யும் ஸ்கிரிப்டில் லொக்கேலை யூடிஎஃப்-8 என்று முதல் வரியிலேயே அமைத்துவிடுங்கள்.

மெய்யெழுத்தின் புள்ளியும் தனிக் குறிதான். பட என்று தேடி திரை என்று மாற்றப் போனால், பட்டம் என்ற சொல்லிலும் ப, ட இரண்டும் அடுத்தடுத்து இருப்பதால் அது மாட்டிக்கொள்ளும், ஐகாரத்தின் மேல் புள்ளி ஏறி திரை்டம் என்ற உருவம் வரும். தேடும் சொல்லுக்குப் பின்னால் இடைவெளியோ நிறுத்தக்குறியோ வரியின் முடிவோ இருக்க வேண்டும் என்று கேட்பதுதான் பாதுகாப்பு. [கா] என்று எழுதினால் அது கா என்ற எழுத்து இல்லை, க அல்லது துணைக்கால், இரண்டில் ஒன்று.

இன்னொரு வகை, கண்ணுக்குத் தெரியவே தெரியாது. கொ என்பதை ஒகரக் குறி ஒன்றாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் துணைக்காலும் தனித்தனியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே, பைட்டில் வேறு வேறு, செட் பைட்டைத்தான் பார்க்கும். கௌ என்பதைக் கெ, ள என்று தட்டியவர்களும் நிறைய. சொல் எதிரிலேயே இருக்கிறது, செட் மட்டும் மாற்ற மாட்டேன் என்கிறது என்றால் அந்த வரியைப் பைட் பைட்டாகக் காட்டும் எக்ஸ்எக்ஸ்டியில் போட்டுப் பாருங்கள், விடை தெரிந்துவிடும். பல இடங்களிலிருந்து சேர்த்த ஃபைலாக இருந்தால் முதலில் யூகான்வ் என்ற கருவி வழியாக ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டு அப்புறம் செட்டைத் தொடுங்கள். கெ, ள என்று தட்டியதை அது சரிசெய்யாது, அவை நிஜமாகவே வேறு எழுத்துகள்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று விண்டோஸிலிருந்து வரும் ஃபைலின் வரி முடிவு. அங்கே வரிக்குக் கடைசியில் \ஆர் ஒட்டியிருக்கும், அதனால் கடைசிச் சொல்லுக்குப் பின்னால் வரி முடிவு என்ற $ போட்டுத் தேடினால் பொருந்தாது. அதை நீக்கும் டாஸ்2யூனிக்ஸ் கட்டளையை ஓட்டிவிட்டு வாருங்கள்.

கிட் ரெப்போ முழுவதும் மாற்ற, ஃபைல்களைத் தேடித் தரும் ஃபைண்ட், செட் -ஐ இரண்டையும் சேர்த்து ஓட்டுபவர்கள் .கிட் டைரக்டரியை விலக்க மறந்தால் அதற்குள் இருக்கும் பைனரி ஃபைல்களும் மாறி ரெப்போவே உடைந்துபோகும். கிட் கிரெப் -எல் கொடுக்கும் பட்டியலை மட்டும் செட்டுக்கு அனுப்புங்கள். கிட் பின்தொடரும் ஃபைல்களில், அந்தச் சொல் உள்ளவை மட்டும் அதில் வரும். இன்னொரு லாபமும் உண்டு: பொருந்தாத ஃபைலையும் -ஐ மறுபடி எழுதி நேரத்தை மாற்றிவிடும், பில்டு எல்லாவற்றையும் திரும்பக் கம்பைல் செய்யத் தொடங்கும், இந்த வழியில் அது நடக்காது.

கடைசியாக, இந்த வரியிலிருந்து அந்த வரி வரை என்று வரம்பு போட்டு அழிப்பது. டி என்றால் அழி.

செட் -ஐ '/# தொடக்கம்/,/# முடிவு/டி' கான்ஃபிக்

முடிவு வரியை யாரோ நீக்கியிருந்தாலோ, அதில் ஒரு எழுத்து மாறியிருந்தாலோ, தொடக்கத்திலிருந்து ஃபைலின் கடைசி வரி வரை அத்தனையும் போய்விடும், இதற்கும் பிழைச் செய்தி கிடையாது. அழிப்பதற்கு முன் கிரெப் -சி போட்டு இரண்டு குறிகளும் சம எண்ணிக்கையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். எண்ணிக்கை சமமாக இருந்தும் முடிவு முதலில், தொடக்கம் பின்னால் என்று இடம் மாறியிருக்கலாம், அதனால் -ஐ இல்லாமல், -என் போட்டு, டிக்குப் பதிலாக பி வைத்து ஒருமுறை ஓட்டுங்கள். எவை அழியப்போகின்றனவோ அந்த வரிகள் மட்டும் திரையில் வரும்.