ஹாஷிமோட்டோ தைராய்டு: மாத்திரை, லேப், சாப்பாடு – எதை முதலில் சரிசெய்வது?

கையில் தைராக்சின் (தைராய்டு ஹார்மோன் மாத்திரை) பாட்டிலும், ஆன்ட்டி டி.பி.ஓ (தைராய்டைக் குறிவைக்கும் ஆன்ட்டிபாடி) எகிறிய ரிப்போர்ட்டுமாக வீடு திரும்பியவர்களுக்காக இதை எழுதுகிறேன். "காலையில வெறும் வயித்துல போடுங்க, ரெண்டு மாசம் கழிச்சு டெஸ்ட் எடுத்துட்டு வாங்க" என்பதோடு மருத்துவர் அறையில் பேச்சு முடிந்துவிடும். அப்புறம் சொந்தக்காரர்களும் வாட்ஸ்அப் குழுக்களும் ஆளுக்கொரு பத்தியம் சொல்வார்கள். முட்டைக்கோஸ் கூடாது, கோதுமை கூடாது, செலினியம் வாங்கு, இந்துப்புக்கு மாறு. இந்த நோயோடு சில வருடங்களாக இருக்கிறேன். எதை ஒதுக்குவது என்று யோசிக்கும் முன், மாத்திரை போடும் அந்த முதல் ஒரு மணி நேரத்தையும் ரத்தம் கொடுக்கும் முறையையும் ஒழுங்குபடுத்துங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. பெரும்பாலான குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

மாத்திரையின் அளவைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் உங்கள் மருத்துவர் சொன்னால் மட்டுமே. "இயற்கை முறை" என்று யாராவது நிறுத்தச் சொன்னால் காது கொடுக்காதீர்கள். நீண்ட நாள் மாத்திரை இல்லாமல் விட்டால் உயிருக்கே ஆபத்தாகக்கூடிய நோய் இது.

ரிப்போர்ட்டில் என்ன இருக்க வேண்டும்?

1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ நான்கு பெண்களின் கழுத்து வீக்கத்தை ஆராய்ந்து எழுதினார். அதனால்தான் இந்த நோய்க்கு அவர் பெயர். நம் எதிர்ப்பு சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்குகிறது, சுரப்பி மெல்ல நலிகிறது. அதை வேலை வாங்க மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, டி.எஸ்.எச் என்ற தைராய்டைத் தூண்டும் ஹார்மோனைக் கூட்டிச் சுரக்கிறது. ஆகவே டி.எஸ்.எச் ஏறினால் தைராய்டு குறைகிறது என்று அர்த்தம். புதிதாக வருபவர்கள் பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு பயப்படுகிறார்கள்.

முதல் தடவை டி.எஸ்.எச், ஃப்ரீ டி4 (ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் தைராக்சின்), ஆன்ட்டி டி.பி.ஓ மூன்றும் எடுத்தால் போதும். "தைராய்டு ப்ரொஃபைல்" என்று லேபில் கேட்டால் பல இடங்களில் மொத்த டி3, மொத்த டி4 பார்த்துக் கொடுத்துவிடுவார்கள். கர்ப்பத்திலும் கருத்தடை மாத்திரை எடுக்கும்போதும் மொத்த டி4 தானாகவே உயர்ந்து காட்டும் என்பதால் "ஃப்ரீ" என்ற சொல்லை வாயால் சொல்லிக் கேளுங்கள்.

ஆன்ட்டி டி.பி.ஓ ஒரு தடவை அதிகம் என்று தெரிந்தால் நோய் இன்னதென்று உறுதியாகிவிட்டது. மாத்திரை அளவை அந்த எண்ணை வைத்து யாரும் முடிவு செய்வதில்லை. மாதாமாதம் அதை எடுத்து 800, 650 என்று ஒப்பிட்டுக் கவலைப்படுவது வீண் செலவு.

அதற்குப் பதில் அந்தப் பணத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் சேமிப்பில் உள்ள இரும்பைக் காட்டுவது), பி12, வைட்டமின் டி நான்கையும் ஒரு முறை பாருங்கள். ஹாஷிமோட்டோ இருப்பவர்களில் சிலருக்கு அதே எதிர்ப்பு சக்தி இரைப்பையையும் தாக்கும். அப்போது பி12-உம் இரும்பும் உடம்பில் சேராது. டி.எஸ்.எச் சரியாகியும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, அசதி போகவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இவற்றைத்தான்.

முதல் ஒரு மணி நேரம்

மாத்திரையை வெறும் தண்ணீரில் விழுங்க வேண்டும். எலுமிச்சை தேன் வெந்நீர், சுக்குமல்லி, சீரகத் தண்ணீர் எதுவும் வேண்டாம். அப்புறம் குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் வேறெதுவும் கூடாது. காபியும் இந்தக் கணக்கில் வரும். இங்கேதான் நம் வீடுகளில் சிக்கல். "காபி சாப்பாடா என்ன?" என்று நினைத்து, மாத்திரை போட்ட கையோடு டபராவை எடுத்துவிடுகிறார்கள். காபியே மாத்திரை உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். பாலில் உள்ள கால்சியம் அதோடு சேர்ந்துகொள்ளும்.

என் ஏற்பாடு எளிமையானது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீரும், ஏழு அறை உள்ள வார மாத்திரைப் பெட்டியும். கண் விழித்ததும் போட்டுவிட்டு, வாசல் தெளித்துக் கோலம் போட்டு, குளித்துவிட்டு வந்தால் காபி நேரம் தானாக வந்துவிடும். மொபைல் அலாரத்தைவிட மாத்திரைப் பெட்டியே மேல் என்பேன். அலாரம் அடித்தது நினைவிருக்கும், மாத்திரை போட்டோமா என்பது நினைவிருக்காது. பெட்டியில் அறை காலியாக இருந்தால் சந்தேகமே இல்லை. ஒரு வாரத்துக்கு உள்ளதை மட்டும் பெட்டிக்கு மாற்றுங்கள், மீதி அதன் சொந்தப் பாட்டிலிலேயே இருக்கட்டும். சூடும் ஈரமும் வெளிச்சமும் தைராக்சினுக்கு ஆகாது. அடுப்பு மேடைக்கு மேலுள்ள அலமாரி, குளியலறை இரண்டும் கூடாத இடங்கள்.

மற்ற மாத்திரைகளோடு எவ்வளவு இடைவெளி? இரும்புச்சத்து, கால்சியம் இரண்டுக்கும் 4 மணி நேரம். மல்ட்டிவைட்டமினிலும் இவை இருக்கும், பின்பக்கம் படித்துப் பாருங்கள். இசப்கோல், சோயா மீல் மேக்கர் போன்றவற்றைக் காலைச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ள வேண்டாம். கேஸ் மாத்திரை என்று நாம் சொல்லும் பான்டோப்ரசோல், ஒமெப்ரசோல் வகை வேறு மாதிரியான தொல்லை. அதையும் வெறும் வயிற்றில்தான் போடச் சொல்வார்கள். அது இரைப்பை அமிலத்தைக் குறைப்பதால், இடைவெளி விட்டாலும் தைராக்சின் உறிஞ்சப்படுவது குறையலாம். தினமும் எடுப்பவராக இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், டி.எஸ்.எச் பார்த்து அவர் அளவைச் சரிசெய்வார். கடையில் நாமாக வாங்கிப் போடுகிற மாத்திரை என்பதால் பலர் இதைச் சொல்வதே இல்லை.

எந்தக் கம்பெனி மாத்திரை நல்லது என்று கேட்கிறார்கள். ஒரே கம்பெனியில் நிற்பதுதான் நல்லது என்பது என் பதில். கடைக்காரர் "இதுவும் அதேதான்" என்று வேறொன்றை எடுத்துக் கொடுத்தால், தேதியைக் குறித்துவைத்து ஆறு வாரம் கழித்து ஒரு டி.எஸ்.எச் பாருங்கள்.

ரத்தம் கொடுக்கும் நாள்

தைராக்சின் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 7 நாள் ஆகும். ஒரு நாள் விட்டுப்போனால் பதற வேண்டாம் என்பதற்கும், அளவை மாற்றி 6 முதல் 8 வாரம் ஆகாமல் டி.எஸ்.எச் பார்ப்பதில் பயனில்லை என்பதற்கும் காரணம் இதுவே. பத்தாவது நாளே போய் டெஸ்ட் எடுத்தால் பழைய அளவும் புதிய அளவும் கலந்த ஒரு எண்தான் கிடைக்கும்.

டி.எஸ்.எச் இரவில் ஏறி, பிற்பகலில் இறங்கும். ஒரு தடவை காலை 7 மணிக்கும் அடுத்த தடவை மதியம் 2 மணிக்கும் கொடுத்துவிட்டு "குறைந்துவிட்டது" என்று மகிழக் கூடாது. எப்போதும் காலையில், ஒரே லேபில், அன்றைய மாத்திரையைப் போடுவதற்கு முன் கொடுங்கள். போட்டுவிட்டுப் போனால் சில மணி நேரத்துக்கு ஃப்ரீ டி4 கூடுதலாகக் காட்டும். மாத்திரையைக் கைப்பையில் எடுத்துப் போய், ஊசி குத்திய கையோடு போட்டுக்கொள்ளலாம். காய்ச்சலில் படுத்து எழுந்த வாரத்தில் இந்த டெஸ்ட் வேண்டாம்.

இனி, என்னை நிஜமாகவே அலைக்கழித்த விஷயத்துக்கு வருகிறேன்: பயோட்டின் என்ற வைட்டமின்.

தைராய்டு குறைந்தால் முடி கொட்டும். தோல் மருத்துவரிடம் போனேன், பயோட்டின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அடுத்த ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச் அடிமட்டத்துக்கு இறங்கி, ஃப்ரீ டி4 மேலே ஏறியிருந்தது. காகிதத்தைப் பார்த்தால் மாத்திரை அளவுக்கு மீறிவிட்டது போலத்தான் இருக்கும். ஆனால் எனக்குப் படபடப்பு இல்லை, கை நடுக்கம் இல்லை. மலச்சிக்கலும் குளிரும் முன்பு போலவே இருந்தன. தைராக்சினைக் குறைக்கப் பேனாவை எடுத்த மருத்துவர், "புதுசா ஏதாவது சத்து மாத்திரை போடுறீங்களாம்மா?" என்று கேட்டாரே, அந்த ஒரு கேள்விதான் காப்பாற்றியது.

பல லேப் கருவிகள் பயோட்டின், ஸ்ட்ரெப்டாவிடின் என்ற இரண்டு பொருள்கள் இறுக ஒட்டிக்கொள்ளும் தன்மையை வைத்து வேலை செய்கின்றன. நம் ரத்தத்தில் பயோட்டின் மிதமிஞ்சி இருந்தால், கருவியின் பயோட்டின் ஒட்ட வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். டி.எஸ்.எச் சோதனை இதனால் பொய்யாகக் குறைத்துக் காட்டும், ஃப்ரீ டி4 சோதனை அமைந்திருக்கும் விதத்தால் பொய்யாகக் கூட்டிக் காட்டும். உடம்பில் ஒன்றும் மாறியிருக்காது. எண்ணை நம்பி மாத்திரையைக் குறைத்தால், ஏற்கெனவே குறைவாக உள்ளவர் இன்னும் சோர்ந்து போவார்.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவையான பயோட்டின் 30 மைக்ரோகிராம். முடிக்கென்று விற்கும் மாத்திரைகளில் 10 மில்லிகிராம், அதாவது 10,000 மைக்ரோகிராம் இருக்கும். டெஸ்டுக்குக் குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. இவ்வளவு பெரிய அளவு எடுப்பவர்கள் ஒரு வாரம் விடலாம் என்பது என் கருத்து. நான் அப்படி விட்டு மறுபடி கொடுத்தேன், எண்கள் பழைய இடத்துக்கே வந்தன. அட்டையில் பயோட்டின் என்று இல்லாமல் வைட்டமின் பி7 என்றோ வைட்டமின் எச் என்றோகூட இருக்கும். முடி, தோல், நகம் என்று படம் போட்ட கம்மி மிட்டாய்களையும் விட்டுவிடாதீர்கள்.

சாப்பாடு

முதலில் உப்பு. இந்தியாவில் 2006 முதல் சமையலுக்கு அயோடின் சேர்க்காத உப்பை விற்கத் தடை இருக்கிறது. கடைக்கு வரும் உப்பில் கிராமுக்குக் குறைந்தது 15 மைக்ரோகிராம் அயோடின் இருக்க வேண்டும். நமக்கு ஒரு நாளைக்குத் தேவை 150. உப்பில் கொஞ்சம், பால், முட்டை, மீனில் மீதி என்று சாதாரணச் சாப்பாட்டிலேயே கிடைத்துவிடும். இந்துப்புக்கு முழுக்க மாறினால் இந்த வழி அடைபடும். கல்லுப்புதான் பிடிக்கும் என்றால் அயோடின் சேர்த்த கல்லுப்பே கிடைக்கிறது. அதே சமயம் கடற்பாசி மாத்திரை, அயோடின் சொட்டு மருந்து பக்கம் போகவே போகாதீர்கள். ஹாஷிமோட்டோவில் அளவுக்கு மீறிய அயோடின் சுரப்பியை இன்னும் கெடுக்கும்.

முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், முள்ளங்கி மூன்றையும் வேகவைத்துச் சாப்பிடலாம். பொரியலும் சாம்பாரும் யாருக்கும் தைராய்டைக் கெடுத்ததில்லை. பச்சையாக அரைத்துத் தினமும் ஜூஸாகக் குடிக்கிற பழக்கம்தான் வேண்டாம். மரவள்ளியை நன்றாக வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிடுங்கள். கம்பு பற்றி மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. சூடானின் டார்ஃபூர் பகுதியில் கம்பையே முக்கிய உணவாகச் சாப்பிட்டவர்களிடம் கழுத்துக் கழலை அதிகம் இருந்தது. அயோடின் குறைவோடு கம்பும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். கம்பில் உள்ள அந்தப் பொருள் வேகவைத்தாலும் போவதில்லை. வாரத்தில் ஓரிரு நாள் கம்பங்கூழ் தாராளமாகக் குடிக்கலாம். மூன்று வேளையும் சிறுதானியம் என்று மாறியவர்கள் அரிசி, கேழ்வரகு, வரகு என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுங்கள்.

கோதுமையை நிறுத்தும் முன் சீலியாக் நோய்க்கான (கோதுமையில் உள்ள குளூட்டன் குடலைக் கெடுக்கும் நோய்) டி.டி.ஜி ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். ஹாஷிமோட்டோவோடு சிலருக்கு அந்த நோயும் இருக்கும், அவர்களுக்குக் கோதுமை உண்மையிலேயே விஷம். ஆனால் நிறுத்திய பிறகு எடுத்தால் பரிசோதனை எதையும் காட்டாது. டெஸ்ட் சரியாக இருந்தால் சப்பாத்தியைப் பார்த்துப் பயப்படக் காரணமில்லை.

செலினியம் வாங்கலாமா? ஆய்வுகளில் ஆன்ட்டிபாடி எண் குறைந்தது உண்மை. ஆனால் அதனால் உடம்பு தேறுகிறது, மாத்திரை குறைகிறது என்று உறுதியாகக் காட்டப்படவில்லை. நாள் தேவை 55 மைக்ரோகிராம்தான், மீனும் முட்டையும் சாப்பிடும் வீட்டில் அது எளிதாகக் கிடைக்கும். அளவு மீறினால் முடி கொட்டும், நகம் உடையும். நான் வாங்குவதில்லை, உங்களுக்கும் சொல்ல மாட்டேன். வைட்டமின் டி குறைவாக இருந்தால் மட்டும் எடுங்கள். 60,000 யூனிட் பாக்கெட் வாரத்துக்கு ஒன்று என்றுதான் பொதுவாக எழுதுவார்கள், தினமும் ஒன்று என்று பிரித்துவிடாதீர்கள். அஸ்வகந்தா தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடியது. எடுத்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு எடுங்கள்.

பிறகு சேர்த்தவை

இரவுப் பணியில் இருக்கும் ஒரு வாசகி, தன் காலை எப்போது தொடங்குகிறது என்றே தெரியவில்லை என்று எழுதியிருந்தார். படுக்கும் முன் போடுவதும் நல்ல வழிதான். கடைசியாகச் சாப்பிட்டு 3 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், இரவில் கால்சியம் மாத்திரை இருக்கக் கூடாது. நோன்பு இருப்பவர்களும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு இப்படி மாற்றிக்கொள்ளலாம். நேரத்தை மாற்றினாலும் ஆறு வாரம் கழித்து ஒரு டி.எஸ்.எச் பாருங்கள்.

கர்ப்பிணிகளிடமிருந்து வந்த கேள்விகள் இன்னும் முக்கியமானவை. கர்ப்பம் உறுதியான அன்றே தைராய்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள், அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள். முதல் மாதங்களில் குழந்தை தாயின் ஹார்மோனை நம்பித்தான் வளர்கிறது. பெரும்பாலும் அளவை 25–30 சதவீதம் கூட்ட வேண்டியிருக்கும், பாதிக் கர்ப்பம் வரை 4 வாரத்துக்கு ஒரு முறை டெஸ்ட் இருக்கும். அதோடு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்பும் கால்சியமும் கொடுப்பார்கள். எல்லாவற்றையும் காலையில் ஒரே கையில் விழுங்கிவிட்டால் தைராக்சின் போட்டும் பலனில்லை. காலை எழுந்ததும் தைராக்சின், மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரும்பு, இரவுச் சாப்பாட்டோடு கால்சியம் என்று வைத்துக்கொண்டால் ஒன்றோடொன்று மோதாது. இரும்பும் கால்சியமும் தங்களுக்குள்ளேயும் சேரக் கூடாதவை என்பதால் இந்த வரிசை அதற்கும் சரியாக இருக்கும்.