ஃபாஸ்ட்னா வெரசாவா, கெட்டியாவா?

திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசரா, அதாவது பையருக்கும் பட்டறைக்கும் நடுவுல ஆர்டரைப் பாத்துக்கற வேலைக்கு, சேர்ந்த புதுசு. வெளிநாட்டு பையர்கிட்ட இருந்து மெயில் வந்துச்சு. சிவப்பு டி-ஷர்ட், கழுத்துக்கு மட்டும் வெள்ளை ரிப், அதாவது இழுத்தா விரியற பின்னல் பட்டை. மெயிலோட கடைசி வரி: "ப்ளீஸ் என்ஷூர் தி ரெட் இஸ் ஃபாஸ்ட்."

சிவப்பு அவசரமா வேணும்போலன்னு நினைச்சுக்கிட்டு சாயப்பட்டறை அண்ணனுக்குப் போனைப் போட்டேன். "அண்ணா, பையர் சிவப்பை ஃபாஸ்ட்டா கேக்கறாருங்க." அவர் கொஞ்சம் யோசிச்சுட்டு, "கெட்டியா வேணுமா, வெரசா வேணுமா கண்ணு?"ன்னாரு. கேலி பண்றாருன்னு நினைச்சேன். "வெரசாத்தானுங்ணா." அப்புறம் நாளுக்கு மூணு தடவை போன் பண்ணி அரிச்சதுல, மனுசன் சாயம் ஏத்துன துணியை அலசற சோப்பிங்ல ஒரு தண்ணியைக் குறைச்சு ரெண்டு நாள் முன்னாடியே துணியை அனுப்பி வச்சுட்டாரு. எனக்கு ஒரே பெருமை. சாம்பிளைத் துவைச்சு எடுத்தா வெள்ளைக் கழுத்து ரோஸ் கலருக்குப் போயிருந்துச்சு.

பையர் கேட்டது சாயம் போகாத சிவப்பு. அதுக்குத்தான் 'ஃபாஸ்ட்'. அண்ணன் கேட்ட கேள்வியிலயே இந்த வார்த்தையோட மொத்த அர்த்தமும் இருந்துச்சு, எனக்குத்தான் காதுல விழலை. என்னை மாதிரி மாட்டிக்கறவங்களுக்காக எழுதறேன். இங்க ஃபாஸ்ட் ஒரு பெயரடை. பெயரடைன்னா என்னங்கறது பள்ளிக்கூடப் புஸ்தகத்துலயே இருக்குது, அதை விட்டுடறேன்.

படி 1: 'கெட்டி'யில இருந்து ஆரம்பிங்க

எல்லாரும் 'ஃபாஸ்ட்னா வேகம்'னுதான் மனப்பாடம் பண்ணியிருப்போம். பழைய இங்கிலீஷ்ல அதோட முதல் அர்த்தம் கெட்டி, அசையாததுங்கறதுதான். வேகங்கற அர்த்தம் அப்புறமா வந்து ஒட்டிக்கிச்சு. பலமா, விடாம ஒரு வேலையைச் செய்யறதுங்கற இடத்துல இருந்து வேகத்துக்கு நகர்ந்துச்சுன்னு சொல்றாங்க. நாம "வண்டியை அழுத்துடா"ன்னா வேகமாப் போன்னு தானே அர்த்தம்? அது மாதிரிதான்.

கெட்டியை முன்னாடி வச்சுக்கிட்டீங்கன்னா நிறைய வார்த்தை தானா அவுந்துக்கும். சீட் பெல்ட்டை 'ஃபாஸ்டன்' பண்றது கெட்டியா மாட்டறது. 'ஹோல்ட் ஃபாஸ்ட்'னா கெட்டியாப் புடிச்சுக்க. சேத்துல வண்டி 'ஸ்டக் ஃபாஸ்ட்'னா அசைய மாட்டேங்குது. 'ஹார்ட் அண்ட் ஃபாஸ்ட் ரூல்'னா வளைக்க முடியாத சட்டம். 'ஃபாஸ்ட் ஃபிரெண்ட்ஸ்' நகமும் சதையுமா இருக்கறவங்க. 'ஃபாஸ்ட் அஸ்லீப்'புக்கு வேகத்தைப் போட்டுப் பாருங்க, சிரிப்புத்தான் வரும். அது அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறது.

படி 2: சாயத்துக்கு வர்ற ஃபாஸ்ட் (நான் விழுந்த இடம்)

சாயம், துணி, கலர் இந்த மூணுல எது பக்கத்துல வந்தாலும் ஃபாஸ்ட்ங்கறது பெரும்பாலும் கெட்டிதான். கெட்டிச் சாயம்னு பெரியவங்க சொல்றதும் இதையேதான்.

பருத்திக்கு இங்க பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம். அதுல ஒரு பங்கு நாரோட வேதியியல் பிணைப்புல ஒட்டிக்கும். ஒட்டாத மிச்சம் சும்மா மேல உக்காந்திருக்கும். அந்த மிச்சத்தைச் சுடுதண்ணியில சோப்பு போட்டு அலசி எடுக்கறதுதான் சோப்பிங். நான் அவசரப்படுத்தி மிச்சம் பண்ணுன அந்த ஒரு தண்ணிதான் கடைசியில வெள்ளை ரிப்ல போய் ஏறுச்சு.

லேப் ரிப்போர்ட்ல இதுக்கு 'கலர் ஃபாஸ்ட்னஸ்'னு தலைப்பு இருக்கும். துவைக்கறதுக்கு ஐ.எஸ்.ஓ 105 சி06ங்கற சர்வதேசத் தர முறை. துணியோட ஆறு வகை நார் இருக்கற மல்டிஃபைபர் பட்டையைத் தச்சு, சேர்த்துத் துவைப்பாங்க. பட்டையில எவ்வளவு கறை ஏறுச்சுன்னு கிரே ஸ்கேல்ங்கற சாம்பல் நிற அளவு அட்டையை வச்சு 1ல இருந்து 5 வரைக்கும் மார்க் போடுவாங்க. 5னா கறையே இல்லை. வெயில்ல வெளுக்கறதுக்கு மார்க் 1ல இருந்து 8 வரைக்கும். ரெண்டு ரிப்போர்ட்லயும் 4ன்னு இருந்தா ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சுக்காதீங்க. முதல்ல இருக்கறது 5க்கு 4, ரெண்டாவது 8க்கு 4.

லேப் இல்லாம வீட்டுலயே பாக்கணுமா? வெள்ளைக் கர்ச்சீப்பை நனைச்சுப் புழிஞ்சு, விரல்ல சுத்தி, துணி மேல ஒரே இடத்துல போயிட்டு வர்ற மாதிரி பத்துத் தடவை தேய்ங்க. ஐ.எஸ்.ஓ 105 எக்ஸ்12ன்னு லேப்ல மெஷின் வச்சுப் பண்றதும் பத்துத் தடவை தேய்ப்புத்தான். சென்னிமலைப் போர்வை வாங்கப் போனா எங்கம்மா கடைக்காரர் முன்னாடியே முந்தானையை நனைச்சு இப்படித் தேய்ச்சுப் பாக்கும். ஐ.எஸ்.ஓ பத்தியெல்லாம் அதுக்குத் தெரியாது. கருநீலம், சிவப்பு, கருப்பு மாதிரி அடர்த்தி நிறம்னா ஈரத் தேய்ப்புல கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும், உடனே கடைக்காரர்கிட்டச் சண்டைக்குப் போயிடாதீங்க.

படி 3: இப்ப வேகத்துக்கு வரலாம்

இதுல நமக்கு வர்ற தொந்தரவுக்குக் காரணம் 'சீக்கிரம்'ங்கற வார்த்தை. வேகமா நடக்கறது, கொஞ்ச நேரத்துல முடிக்கறது, முன்கூட்டியே வர்றது, மூணுக்கும் சீக்கிரம்னுதான் சொல்றோம். இங்கிலீஷ்காரன் மூணையும் பிரிச்சு வச்சிருக்கான். நம்ம கொங்குப் பேச்சும் பிரிச்சுத்தான் வச்சிருக்குது, கவனிச்சிருக்கீங்களா?

வெரசா: ஃபாஸ்ட். சுருக்கா: குயிக். நேரமே: எர்லி.

"வெரசா ஓட்டு"ன்னா வேகம், அதனால 'டிரைவ் ஃபாஸ்ட்'. "சுருக்கா ஒரு டீ குடிச்சுட்டு வந்தர்றேன்"னா ஆகற நேரம் கம்மி, அதனால 'எ குயிக் டீ'. அந்த இடத்துல 'எ ஃபாஸ்ட் டீ' வராது. "காலையில நேரமே வந்துருங்க"ன்னா 'கம் எர்லி'. இதை 'கம் ஃபாஸ்ட்'னு எழுதினா அவன் காலையில ஓடி வர்றதாத்தான் நினைப்பான். இங்கிலீஷ்ல எழுதறப்ப சீக்கிரம்னு மனசுல வந்தா, ஊர்ல எங்க அமுச்சிகிட்ட (பாட்டிகிட்ட) இதை எப்படிச் சொல்லுவேன்னு யோசிப்பேன். பாதிக்கு மேல சரியா வந்துரும்.

மெயில்ல 'ரிப்ளை ஃபாஸ்ட்'னு மட்டும் போடாதீங்க. அதட்டற மாதிரி இருக்கும். 'எ குயிக் ரிப்ளை வுட் ஹெல்ப்'னு போட்டாப் போதும்.

படி 4: 'ஃபாஸ்ட்லி' வேண்டாம்

குயிக், குயிக்லி. ஸ்லோ, ஸ்லோலி. அப்ப ஃபாஸ்ட், ஃபாஸ்ட்லிதானேன்னு கை தானாப் போகும். இப்ப இருக்கற இங்கிலீஷ்ல அப்படி இல்லைங்க. 'எ ஃபாஸ்ட் பஸ்', 'தி பஸ் கோஸ் ஃபாஸ்ட்', ரெண்டு இடத்துலயும் அதே ஃபாஸ்ட்தான். ஒப்பிடறப்ப ஃபாஸ்டர், ஃபாஸ்டஸ்ட். கடிகாரத்துக்கு 'ஃபைவ் மினிட்ஸ் ஃபாஸ்ட்'னா சரியான நேரத்தை விட அஞ்சு நிமிசம் முன்னாடி காட்டுது.

போன்ல பேசறப்ப முதல் எழுத்தை உதட்டுல பல்லு பட்டுச் சொல்லுங்க. இல்லைன்னா 'பாஸ்ட்'டாகி, கடந்த காலம்னு எடுத்துக்குவாங்க.

எதுல தேடறதுன்னு கேட்டா, ஒத்தை வார்த்தையைப் போட்டா ஒத்தை அர்த்தம் குடுக்கற மொழிபெயர்ப்பு ஆப்பை நான் நம்பறதில்லை. அன்னைக்கு அது எனக்குக் குடுத்தது 'வேகமான'. இங்கிலீஷ் கத்துக்கறவங்களுக்குன்னே வர்ற இங்கிலீஷ்–இங்கிலீஷ் அகராதிதான் நல்லது. அதுலயும் முதல் அர்த்தத்தோட நிறுத்தாம, உதாரண வாக்கியத்தையெல்லாம் படிச்சுப் பாருங்க.

பின்சேர்க்கை: விரதத்துக்கும் ஃபாஸ்ட்டிங்னு சொல்றாங்களே, அது வேற வார்த்தையான்னு ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க. இங்க அது பெயராவும் வினையாவும் வருது, ஆனா வேர் ஒண்ணுதான், கெட்டியாப் புடிச்சுக்கிட்டு நிக்கறது. நாமளும் விரதம் 'புடிக்கறோம்'னுதானே சொல்றோம்? தைப்பூசத்துக்குப் பழனி நடக்கறவங்க காலையில ஒருசந்தி விரதத்தை முடிச்சுச் சாப்புடறது அச்சு அசல் 'பிரேக்ஃபாஸ்ட்'.

இன்னொரு பின்சேர்க்கை: பெருந்துறைப் பக்கம் லேப்ல வேலை பாக்கற ஒரு அக்கா எழுதியிருந்தாங்க. டி.பி. சளிப் பரிசோதனை ரிப்போர்ட்ல வர்ற ஏ.எஃப்.பி.யோட விரிவு 'ஆசிட் ஃபாஸ்ட் பேசில்லை'. ஆசிட்ல வேகமா ஓடற கிருமின்னு பயிற்சிக்கு வந்த ஒரு பையன் சொன்னானாம். உண்மையில, சளியை ஸ்லைடுல தடவிச் சிவப்புச் சாயம் ஏத்தி, ஆசிட் ஊத்திக் கழுவுவாங்க. மத்த கிருமி பெரும்பாலும் சாயத்தை விட்டுரும், டி.பி. கிருமி விடாது. சாயப்பட்டறை அண்ணன்கிட்ட இதைச் சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, "அன்னைக்கு நம்ம சிவப்பை விட அது கெட்டி கண்ணு"ன்னாரு.