வகுப்பறை வலைப்பதிவு: ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வகுப்புக்கென வலைப்பதிவு தொடங்கும் ஆசிரியர்கள் பலர் முதலில் செய்வது, கரும்பலகையில் எழுதிப்போடும் குறிப்புகளையும் கடந்தகால வினாத்தாள்களையும் அதில் ஏற்றிவைப்பதே. பரீட்சைக் காலத்தில் அவை பயன்படும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு வாட்ஸ்அப் குழுவே போதும். மாணவர் எழுதியதை ஆசிரியர் அல்லாத ஒருவரும் வாசித்துப் பதில் எழுதலாம் என்பதே வலைப்பதிவின் பெறுமதி. அதைக் கைவிட்டால் மிஞ்சுவது விளம்பரப் பலகை மட்டுமே.

அடுத்த தவறு தலைப்பில் நேர்கிறது. திருகோணமலையில் தரம் 9 மாணவர்களிடம் ‘கன்னியா வெந்நீரூற்று’ என்று மட்டும் சொல்லி எழுதக் கேட்டால், இராவணன் கதையும் ஏழு கிணறுகளுமாக இணையத்தில் ஏற்கெனவே உள்ள பந்திகளே திரும்பி வரும். பிள்ளைகளைக் குறைசொல்லிப் பயனில்லை. அந்தத் தலைப்பு கேட்பதே அதைத்தான். மாறாக, ஏழு கிணற்று நீரையும் வெப்பமானியால் அளந்து, எது கூடச் சுடுகிறது, காலையிலும் மாலையிலும் அளவு மாறுகிறதா என்று எழுதச் சொன்னால், பார்த்து எழுத எங்கும் எதுவும் கிடைக்காது. அதை வாசிக்கும் மூதூர் மாணவி ஒருத்தி, “மார்கழி மழைக்குப் பிறகும் அளந்து பார்த்தீர்களா?” என்று பின்னூட்டத்தில் கேட்டால், விஞ்ஞானப் பாடம் அங்கிருந்து தானே நகரும். ஆனால் அத்தகைய வாசகர் தாமாக வருவார் என்று காத்திருப்பதும் தவறே. வேறொரு பாடசாலையின் ஆசிரியரோடு முன்கூட்டியே பேசி, இரு வகுப்புகளும் ஒன்றையொன்று வாசிக்க ஏற்பாடு செய்த பின்னரே தொடங்குவது நல்லது.

ரகர றகரப் பிழைகளைப் பின்னூட்டத்தில் எல்லோரும் காணத் திருத்துவதை நான் வன்மையாக மறுக்கிறேன். அப்படித் திருத்தப்பட்ட பிள்ளை மறுபடி எழுத முன்வருவது அரிது. பிழைகளைக் கொப்பியில், வரைவு நிலையிலேயே திருத்திவிட்டு, பின்னூட்டத்தில் பொருளைப் பற்றி மட்டும் பேச வேண்டும்.

ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்ததை அப்படியே ஒட்டுவது நம்மிடையே இன்னும் காணப்படும் வழக்கம். அந்த எழுத்துரு இல்லாத கருவியில் அது புள்ளிகள் இருந்த இடமெல்லாம் அரைப்புள்ளி விழுந்த ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும். தேடுபொறியிலும் தமிழ்ச் சொல்லாக அகப்படாது. ஆகவே எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட் தட்டச்சைத் தொடக்கத்திலேயே பழக்கிவிட வேண்டும்.

எல்லாவற்றிலும் பாரதூரமானது, பிள்ளையின் முழுப்பெயரையும் பாடசாலைச் சீருடைப் படத்தையும் வீடு இருக்கும் ஊரையும் ஒரே பக்கத்தில் வெளியிடுவதாகும். இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகள் பற்றிய தரவுகளை, கூடுதல் பாதுகாப்பு வேண்டும் சிறப்பு வகையில் சேர்த்திருப்பதையும் மனங்கொள்ள வேண்டும். பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம், புனைபெயர், ஆசிரியர் பார்த்த பின்னரே வெளியாகும் பின்னூட்டம் ஆகிய மூன்றும் கட்டாயம். கூகுளின் வலைப்பதிவுச் சேவையான பிளாகர் தளத்தில் அழைக்கப்பட்டவர் மட்டும் வாசிக்கும்படி அமைக்கவும் வழியுண்டு.

கடலுக்குப் போகும் தகப்பனிடம்தான் வீட்டின் ஒரே கைப்பேசி இருக்கிறது என்றால், இரவில் இடுகை எழுதி அனுப்பும்படி அந்தப் பிள்ளையிடம் கேட்பது நியாயமாகாது. எல்லோரும் கொப்பியில் எழுத, பாடசாலைக் கணினியில் இருவர் தட்டச்சு செய்து ஏற்றலாம். அந்த இருவரையும் முறைவைத்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையேல் தட்டச்சு நன்றாகத் தெரிந்த ஒரே பிள்ளையின் தலையில் வகுப்பு முழுவதின் வேலையும் விழுந்துவிடும்.