விமானத்தின் ஏறுகோணத்தை வேகத்திலிருந்து கணக்கிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு விமானம் 120 நாட் (மணிக்கு 120 கடல் மைல்) வேகத்தில் செல்கிறது என்று மட்டும் சொல்லி, அதன் ஏறுகோணம், அதாவது அதன் பாதை கிடைமட்டத்தோடு அமைக்கும் கோணம், எவ்வளவு என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு விடை கிடையாது. அதே வேகத்தில் விமானம் மட்டமாகவும் பறக்கலாம், கீழே இறங்கவும் செய்யலாம். ஒரு நிமிடத்தில் எத்தனை அடி உயர்கிறது என்ற ஏறுவீதமும் தெரிந்தால்தான் கணக்கையே தொடங்க முடியும். இரண்டும் கைக்கு வந்தபின் எஞ்சுவது ஒரு செங்கோண முக்கோணம் மட்டுமே. ஆயினும் விடைகள் அடிக்கடி பிழையாகிவிடுகின்றன. ‘வேகம்’ என்ற ஒரே சொல் விமானவியலில் பல பொருள்களில் வழங்குவதும், அவற்றுள் எது முக்கோணத்தின் எந்தப் பக்கத்துக்கு உரியது என்று பார்க்காமல் எண்களைச் சூத்திரத்தில் இட்டுவிடுவதுமே அதற்குப் பெரும்பாலும் காரணம்.

காற்றுவேகம் என்பது விமானம் செல்லும் சரிவுப் பாதையின் வழியே அளக்கப்படுவது. ஆகவே அது கர்ணம். ஏறுவீதம் எதிர்ப்பக்கம். எனவே ஏறுவீதத்தைக் காற்றுவேகத்தால் வகுத்தால் கிடைப்பது கோணத்தின் சைன் மதிப்பே தவிர, டேன்ஜென்ட் மதிப்பு அன்று. டேன்ஜென்ட் வேண்டுமானால் வகுக்க வேண்டியது கிடைமட்ட வேகத்தால். சிறிய கோணங்களில் இந்தக் குழப்பம் வெளியே தெரிவதில்லை: 120 நாட் வேகமும் நிமிடத்துக்கு 1,000 அடி ஏறுவீதமும் உள்ள விமானத்துக்குச் சைன் வழியில் 4.72 பாகையும், டேன்ஜென்ட் வழியில் 4.70 பாகையும் வரும். ஆனால் விகிதம் 0.5 ஆக இருக்கும் செங்குத்தான ஏற்றத்தில் சரியான விடை 30 பாகை. டேன்ஜென்ட்டைப் பயன்படுத்தியவருக்கோ 26.6 பாகைதான் கிடைக்கும்.

மேலே சொன்ன 4.72 பாகை கிடைக்க, முதலில் அலகுகளை ஒன்றாக்கியிருக்க வேண்டும். ஒரு நாட் என்பது நிமிடத்துக்கு ஏறத்தாழ 101.3 அடி, ஆகவே 120 நாட் என்பது நிமிடத்துக்குச் சுமார் 12,150 அடி. இதை மறந்து 1,000-ஐ நேராக 120-ஆல் வகுத்தால் 8.33 வரும். சைன் மதிப்பு ஒன்றைத் தாண்டாது என்பதால் கணிப்பான் பிழை காட்டி நம்மைக் காப்பாற்றிவிடும். டேன்ஜென்ட்டைத் தேர்ந்தவருக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை, 83 பாகை என்ற விடை எந்த எச்சரிக்கையும் இன்றி வந்து நிற்கும். அலகுகள் சரியாக இருந்தும் கணிப்பான் ரேடியனில் இருந்தால் 4.72-க்குப் பதில் 0.08 என்று காட்டும், அதை 57.3-ஆல் பெருக்க வேண்டும். விழுக்காட்டில் தரப்படும் ஏற்றச் சரிவையும் பாகையாக எண்ணிவிடக் கூடாது. புறப்பாட்டு நடைமுறைகளில் வழக்கமாகக் காணப்படும் 3.3 விழுக்காடு என்பது ஒரு கடல் மைலுக்கு ஏறத்தாழ 200 அடி உயர்வு. கோணமாகச் சொன்னால் 1.9 பாகைதான்.

அலகுகளைச் சரிசெய்தவர்களும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. விமானி முன்னுள்ள கருவி காட்டும் வேகம் காற்றின் அழுத்த வேறுபாட்டிலிருந்து பெறப்படுவது. உயரே செல்லச் செல்லக் காற்று அடர்த்தி குறைவதால், அது உண்மையான காற்றுவேகத்தைவிடக் குறைவாகவே இருக்கும். ஏறுவீதமோ அப்படிச் சுருங்கியதன்று. இவ்விரண்டையும் ஒரே முக்கோணத்தில் வைத்தால் கோணம் பெரிதாகிவிடும். நியமமாகக் கொள்ளப்படும் வளிமண்டல நிலையில் 10,000 அடி உயரத்தில் கருவி 250 நாட் காட்டும்போது உண்மையான காற்றுவேகம் ஏறத்தாழ 288 நாட். அப்போது ஏறுவீதம் நிமிடத்துக்கு 2,000 அடி என்று கொண்டால், கருவியின் எண்ணை அப்படியே இட்டவருக்கு 4.5 பாகையும், உண்மை வேகத்தை இட்டவருக்கு 3.9 பாகையும் வரும். கடல்மட்டத்தை ஒட்டி இந்தப் பிழை அற்பமாக இருப்பதனால்தான் பலர் அதை வழக்கமாக்கிக்கொண்டு, பிறகு உயரத்திலும் அதையே செய்துவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

அடுத்தது காற்று வீசுவது. விமானத்தின் ஏறுவீதத்தைச் சீரான எதிர்காற்றோ பின்காற்றோ மாற்றுவதில்லை. தரையின் மீது அது கடக்கும் தொலைவைத்தான் மாற்றுகிறது. முதல் எடுத்துக்காட்டில் இருந்த விமானத்தை 20 நாட் எதிர்காற்று சந்தித்தால், தரையைப் பொறுத்த ஏறுகோணம் 5.7 பாகையாக உயரும்; அதே அளவு பின்காற்றில் 4.1 பாகைக்கும் சற்றுக் குறையும். காற்றைப் பொறுத்த கோணம் இரண்டிலும் அதே 4.72 பாகைதான். எது சரி என்று கேட்பதைவிட, எதற்காகக் கணக்கிடுகிறோம் என்று கேட்பதே பொருத்தம்: இயந்திரத்தின் திறனை மதிப்பிடக் காற்றைப் பொறுத்த கோணம் வேண்டும், ஓடுபாதைக்கு அப்பால் உள்ள குன்றையோ கோபுரத்தையோ கடக்க முடியுமா என்று அறியத் தரையைப் பொறுத்த கோணம் வேண்டும். பின்காற்றை மறந்து செய்த கணக்கு பாதுகாப்பான பக்கத்தில் தவறுவதில்லை என்பதால், இந்த இடத்தில் அலட்சியம் கூடவே கூடாது.

விமானத்தின் மூக்கு எவ்வளவு தூக்கியிருக்கிறது என்பதையும் ஏறுகோணம் என்று கொள்பவர்கள் உண்டு. இறக்கைகளைச் சாய்க்காமல் நேராக ஏறும்போது மூக்கின் கோணம் என்பது ஏறுகோணமும் தாக்குகோணமும் (எதிர்வரும் காற்றுக்கும் மூக்கு நோக்கும் திசைக்கும் இடையிலான கோணம்) சேர்ந்தது. மூக்கு 10 பாகையும் தாக்குகோணம் 5 பாகையும் எனில் பாதை ஏறுவது 5 பாகையில்தான். மூக்கைத் தூக்கியபடியே விமானம் கீழே இறங்குவதும் இயல்பானதே.

ஏறுவீதம் மிகுந்தால் கோணமும் மிகும் என்ற எண்ணமும் சரியன்று. ஒரு சிறிய விமானம் 74 நாட் வேகத்தில் நிமிடத்துக்கு 730 அடியும், 62 நாட் வேகத்தில் 650 அடியும் ஏறுவதாகக் கொள்வோம். வேகமாக உயர்வது முதலாவது. ஆனால் அதன் கோணம் 5.6 பாகை, இரண்டாவதன் கோணம் 5.9 பாகை. தடையைத் தாண்டக் குறைந்த வேகத்தையும், உயரத்தை விரைவில் எட்ட அதிக வேகத்தையும் விமானிகள் தேர்வது இதனால்தான்.

கடைசியாக, உந்துவிசையிலிருந்து பின்னிழுவிசையைக் கழித்து எடையால் வகுத்துக் கோணத்தின் சைனைப் பெறும் வழி, வேகம் மாறாத ஏற்றத்துக்கு மட்டுமே பொருந்தும். கருவியில் 250 நாட் என்று நிலையாக வைத்து ஏறினாலும், உண்மை வேகம் கடல்மட்டத்தில் 250-இலிருந்து 10,000 அடியில் 288-ஆக வளர்ந்துகொண்டே போகிறது. மிகுதி விசையில் ஒரு பங்கு அந்த முடுக்கத்துக்குச் செலவாகிறது. இந்த எண்களையே கொண்டு பார்த்தால், மிகுதி விசை முழுவதும் உயரத்துக்கே பயன்படுவதாகக் கொண்டு செய்த கணக்கு, உண்மையான சைன் மதிப்பைவிட ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுதலாகக் காட்டும்.