‘நல்ல மனிதர், பலவீனமான அதிபர்’: கார்ட்டரை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 டிசம்பர் 29 அன்று முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் தன் 100ஆவது வயதில் காலமானார். அடுத்த சில நாட்கள் படித்த அஞ்சலிகளில் ஒரு கருத்து திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது: நல்ல மனிதர், ஆனால் பலவீனமான அதிபர். எனக்கு அதை ஏற்க மனம் வரவில்லை. அதன் முதல் பாதி, பதவியை விட்டு இறங்கிய பிறகு அவர் வாழ்ந்த ஏறத்தாழ 44 ஆண்டுகளைப் பார்த்துச் சொல்வது. இரண்டாம் பாதி, ஈரானின் தலைநகர் தெஹ்ரான் என்ற ஒரே ஊரைப் பார்த்துச் சொல்வது. 1977 ஜனவரி முதல் 1981 ஜனவரி வரை அவர் நடத்திய வெளியுறவுக் கொள்கையைத் திறந்து பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை.

எந்த அமெரிக்க அதிபரைப் பற்றிப் பேசும்போதும் நாம் இதே தவறுகளைத்தான் செய்கிறோம். கார்ட்டரை எடுத்துக்கொண்டால் அவை வரிசையாகக் கண்ணுக்குத் தெரியும்.

முடிவு சரியா என்பதை விளைவை வைத்துச் சொல்வது

1979 நவம்பர் 4 அன்று தெஹ்ரானில் இருந்த அமெரிக்கத் தூதரகத்துக்குள் மாணவர்கள் புகுந்து அங்கிருந்தவர்களைப் பிடித்துவைத்தார்கள். கடைசிவரை பிடியில் இருந்தவர்கள் 52 பேர், 444 நாட்கள். நடுவில், 1980 ஏப்ரல் 24 இரவு, அவர்களை மீட்க ஒரு ராணுவ முயற்சி நடந்தது. எட்டு ஹெலிகாப்டர்கள் கிளம்பின. ஒன்று வழியிலேயே பழுதாகிக் கைவிடப்பட்டது, இன்னொன்று புழுதிப் படலத்தில் சிக்கித் திரும்பிவிட்டது. பாலைவனத்தில் இறங்கிய ஆறில் ஒன்றுக்கு ஹைட்ராலிக் கோளாறு. திட்டத்துக்குக் குறைந்தது ஆறு ஹெலிகாப்டர்கள் வேண்டும். களத்தில் இருந்த தளபதிகள் கைவிடலாம் என்றார்கள், கார்ட்டர் ஒப்புக்கொண்டார். திரும்பிக் கிளம்பும்போது ஒரு ஹெலிகாப்டர் சரக்கு விமானத்தில் மோதியது. எட்டு வீரர்கள் இறந்தார்கள்.

‘கார்ட்டரின் தோல்வி’ என்று எல்லோர் மனதிலும் நிற்பது மணலில் கிடக்கும் அந்த எரிந்த விமானச் சிதைவின் படம்தான். சரி, மூன்று ஹெலிகாப்டர்கள் பயன்படாமல் போனதற்கு வெள்ளை மாளிகையில் உட்கார்ந்திருந்தவரின் தலைமைப் பண்பு காரணமா? அப்படிக் கேட்டால் அவசரமாக ‘இல்லை’ என்று சொல்லி அவரை விடுவித்துவிடுவோம். அதுவும் சரியில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த முயற்சிக்குப் பச்சைக்கொடி காட்டியதே சரியா?

இந்தக் கேள்வியைச் சரியான நேரத்தில் கேட்டவர் ஒருவர் இருந்தார். அவர் கார்ட்டரின் சொந்த வெளியுறவு அமைச்சர் சைரஸ் வான்ஸ். முயற்சி வெற்றி பெற்றாலும் கைதிகளில் சிலர் சாவார்கள், ஈரானில் இருக்கும் மற்ற அமெரிக்கர்கள் பிடிபடக்கூடும், அந்தப் பகுதி முழுக்கப் பகை வளரும் என்று அவர் நினைத்தார். அதனால் ஹெலிகாப்டர்கள் கிளம்பும் முன்பே ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டார். ஜெயித்தாலும் தோற்றாலும் போய்விடுவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். முடிவு தெரிந்த பிறகு கருத்துச் சொல்வது யாருக்கும் சுலபம். முடிவு தெரியும் முன்பே நாற்காலியைப் பணயம் வைத்துச் சொன்ன கருத்து அது. நான் வான்ஸின் பக்கம்தான். ஆனால் கார்ட்டரைக் குறை சொல்வதாக இருந்தால் அனுமதி கொடுத்த நாளை வைத்துச் சொல்ல வேண்டும், விபத்து நடந்த இரவை வைத்து அல்ல.

நெருக்கடி எங்கே தொடங்கியது என்று பார்க்காமல் விடுவது

444 நாட்களை எண்ணுகிறவர்கள் அதற்கு முந்தைய பக்கங்களைப் புரட்டுவதில்லை. 1977ஆம் ஆண்டின் கடைசி இரவு கார்ட்டர் தெஹ்ரானில்தான் இருந்தார். விருந்தில் ஈரான் மன்னர் ஷாவைப் பாராட்டி, கொந்தளிக்கும் பகுதியில் ஈரான் ஒரு நிலைத்தன்மைத் தீவு என்று பேசினார். அடுத்த மாதமே தெருவில் போராட்டம் தொடங்கிவிட்டது. ஓராண்டில் ஷா நாட்டை விட்டே போய்விட்டார்.

அப்புறம் 1979 அக்டோபர். நாடு இழந்த ஷாவுக்குப் புற்றுநோய். நியூயார்க்கில் சிகிச்சைக்கு விட வேண்டும் என்று முன்னாள் வெளியுறவு அமைச்சர் கிசிஞ்சர், வங்கியாளர் டேவிட் ராக்கபெல்லர் போன்றவர்கள் மாதக்கணக்கில் நெருக்கினார்கள். கார்ட்டர் தயங்கினார். நம் தூதரகத்தைப் பிடித்து ஆட்களைக் கைதியாக்கினால் அப்போது எனக்கு என்ன யோசனை சொல்வீர்கள் என்று தன் ஆலோசகர்களிடம் கேட்டிருக்கிறார். பதில் வரவில்லை. இருந்தும் அனுமதித்தார். ஷா வந்து இறங்கிய இரண்டே வாரத்தில் தூதரகம் போயிற்று. அவருடைய தலைமையில் என் மனதை உறுத்தும் இடம் இதுதான். ஆபத்தைச் சரியாகக் கணித்தவர், தன் கணிப்பை நம்பாமல் போனார்.

‘ரீகனைக் கண்டு பயந்து விட்டுவிட்டார்கள்’ என்பது

1981 ஜனவரி 20 அன்று அடுத்த அதிபர் ரீகன் பதவியேற்ற சில நிமிடங்களில் கைதிகளின் விமானம் கிளம்பியதால் இந்தக் கதை பிறந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. நடந்தது வேறு. அல்ஜீரியா நடுவில் நின்று பல வாரங்கள் பேச்சு நடத்தியது. அமெரிக்கத் தரப்பில் பேசியவர் துணை வெளியுறவு அமைச்சர் வாரன் கிறிஸ்டோபர். ஒப்பந்தம் கையெழுத்தானது ஜனவரி 19 அன்று, கார்ட்டர் இன்னும் அதிபராக இருந்தபோது. அவர் முடக்கி வைத்திருந்த ஈரானின் சொத்துகள்தான் பேரத்தின் அச்சாணி. 1980 செப்டம்பரில் ஈராக் படையெடுத்த பிறகு ஈரானுக்கும் அந்தப் பணம் அவசரமாகத் தேவைப்பட்டது. புதிய அதிபரோடு முதலிலிருந்து பேச வேண்டியிருக்குமே என்ற கவலையும் அவர்களுக்கு இருந்திருக்கலாம். அதற்காக, ஒருவர் உழுது விதைத்ததை இன்னொருவர் கணக்கில் எழுதலாமா?

பலம் என்றால் உறுமல் என்று நினைப்பது

கார்ட்டர் மென்மையானவர் என்று சொல்கிறவர்கள் சில தேதிகளைப் பார்க்க வேண்டும். சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது 1979 டிசம்பரில். அங்கிருந்த கிளர்ச்சியாளர்களுக்கு ஆயுதமல்லாத ரகசிய உதவி தர கார்ட்டர் கையெழுத்திட்டது அதே ஆண்டு ஜூலையில். பாரசீக வளைகுடாவை வெளிச்சக்தி கைப்பற்ற முயன்றால் ராணுவ பலத்தாலும் தடுப்போம் என்று 1980 ஜனவரியில் அறிவித்தவரும் அவரே. அந்த அறிவிப்பைப் பின்னால் வந்த அதிபர்கள் பிடித்துக்கொண்டார்கள். நல்லதா கெட்டதா என்பது தனி விவாதம். பலவீனம் என்று மட்டும் சொல்ல முடியாது.

எனக்கு அவருடைய பலம் தெரிவது அமெரிக்க அதிபர்களின் ஓய்விடமான கேம்ப் டேவிட்டில் நடந்த சமாதானப் பேச்சில். 1978 செப்டம்பர் 5 முதல் 17 வரை, 13 நாட்கள். எகிப்து அதிபர் சதாத்தும் இஸ்ரேல் பிரதமர் பெகினும் முதல் சில நாட்களிலேயே நேருக்கு நேர் பேச முடியாத அளவுக்கு முட்டிக்கொண்டார்கள். அதன் பிறகு கார்ட்டரே ஒரு குடிலிலிருந்து இன்னொரு குடிலுக்கு வரைவைச் சுமந்துகொண்டு நடந்தார். ஒரு கட்டத்தில் சதாத் பெட்டியைக் கட்டிவிட்டார். கடைசி நாள் பெகின் முறைத்துக்கொண்டார், ஜெருசலேம் பற்றிய ஒரு கடிதத்தால். எல்லாம் முடிந்தது என்ற நிலை.

மூன்று தலைவர்களும் இருக்கும் படத்தில் பேரப்பிள்ளைகளுக்காகக் கையெழுத்து வேண்டும் என்று பெகின் முன்பே கேட்டிருந்தார். கார்ட்டரின் செயலாளர் அந்தப் பிள்ளைகளின் பெயர்களை விசாரித்து வாங்கி வைத்திருந்தார். ஒவ்வொரு படத்திலும் ஒரு பெயரை எழுதி, கார்ட்டர் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். பெகின் மேலே இருந்த பெயரை வாய்விட்டுப் படித்தார், அடுத்ததைப் படித்தார், குரல் தழுதழுத்தது. பேரப்பிள்ளைகளைப் பற்றியும் போரைப் பற்றியும் கொஞ்ச நேரம் பேசினார்கள். பிறகு கடிதத்தின் வாசகத்தை மாற்றி எழுதினார்கள். அன்று இரவே ஒப்பந்தம் கையெழுத்தானது. 1979 மார்ச்சில் சமாதான உடன்படிக்கையும் வந்தது. அதன் பிறகு எகிப்தும் இஸ்ரேலும் ஒன்றோடொன்று போரிடவில்லை. பாலஸ்தீனர்களுக்கு அங்கே சொல்லப்பட்ட சுயாட்சி மட்டும் வரவேயில்லை. அதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

அதிபர் நினைத்தால் நடக்கும் என்று நம்புவது

வெளிநாட்டு ஒப்பந்தங்களுக்கு செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அதாவது நூறில் 67. பனாமா கால்வாயைத் திருப்பித் தரும் இரண்டு உடன்படிக்கைகளும் 1978இல் 68க்கு 32 என்று நிறைவேறின. ஒரு வாக்குதான் மிச்சம். மக்களிடம் செல்வாக்கில்லாத விஷயம் என்று தெரிந்தே கார்ட்டர் ஒவ்வொரு செனட்டராகப் பேசிப் பிடித்தார். ஆதரித்தவர்களில் பலர் அடுத்த தேர்தல்களில் பதவி இழந்தார்கள். கால்வாய் கைமாறியது 1999 டிசம்பர் 31 அன்று. அன்றைக்கு முந்தி எழுதிய எந்தத் தீர்ப்பிலும் இந்தப் பலன் இருக்க வழியில்லை.

நமக்குத் தெரிந்த தாராப்பூர் விஷயமும் இப்படித்தான். 1978 ஜனவரியில் டெல்லி வந்தபோது, அணுசக்தி விவகாரத்தில் மொரார்ஜி தேசாய்க்கு இதமில்லாத, மிகக் கறாரான கடிதம் எழுத வேண்டும் என்று கார்ட்டர் வான்ஸிடம் மெதுவாகச் சொன்னது ஒலிவாங்கியில் பதிவாகிவிட்டது. 1980இல் அதே கார்ட்டர், தாராப்பூர் அணுமின் நிலையத்துக்கு எரிபொருள் அனுப்ப அமெரிக்க நாடாளுமன்றத்தோடு மல்லுக்கட்டி, செனட்டில் 48க்கு 46 என்று தப்பித்தார். அவர் ‘இந்தியாவுக்கு எதிரி’யா ‘நண்ப’ரா என்று ஒரே பெயரைக் கேட்பதில் அர்த்தமில்லை. நடுவில் ஆப்கானிஸ்தான் படையெடுப்பு நடந்திருந்தது.

கொள்கையைப் பேச்சை வைத்து அளப்பது

மனித உரிமையை வெளியுறவுக் கொள்கையின் நடுவில் வைத்தவர் என்ற புகழ் அவருக்குப் பொருத்தமானதே. அர்ஜென்டினாவின் ராணுவ ஆட்சிக்கான உதவியைக் குறைத்தார். சிறையில் இருந்த பலருக்கு அது உயிர் பிழைக்க வழியானது. ஆனால் 1980 பிப்ரவரியில் எல் சால்வடாரின் பேராயர் ஆஸ்கர் ரொமேரோ, எங்கள் அரசுக்கு ராணுவ உதவி அனுப்பாதீர்கள் என்று கார்ட்டருக்கு நேரடியாகக் கடிதம் எழுதினார். மார்ச் 24 அன்று ரொமேரோ பலிபீடத்தின் முன் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகும் உதவி போனது. என்னால் இதை மன்னிக்க முடியவில்லை. அர்ஜென்டினாவைச் சொல்லி இதை மறைக்கவும் கூடாது, இதைச் சொல்லி அர்ஜென்டினாவை அழிக்கவும் கூடாது.

பதவி போன மறுநாள், 1981 ஜனவரி 21 அன்று, கார்ட்டர் மேற்கு ஜெர்மனியின் வீஸ்பாடனுக்குப் பறந்தார். விடுதலையான 52 பேரும் அங்கே மருத்துவமனையில் இருந்தார்கள். எல்லோரும் உயிரோடு வந்திருந்தார்கள். எல்லோரும் அவரை அன்போடு வரவேற்கவில்லை. இரண்டையும் நேரில் பார்த்துவிட்டுத்தான் அவர் ஊருக்குத் திரும்பினார்.