ஹங்கேரி நகைச்சுவைப் படங்கள்: பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹங்கேரி நாட்டு நகைச்சுவைப் படங்களைப் பற்றி எங்கே படித்தாலும் 'விசித்திரம்', 'கிறுக்குத்தனம்' என்ற சொற்கள் வந்துவிடும். அதை அப்படியே நம்பிக்கொண்டு படத்துக்கு முன்னால் உட்காருவதுதான் முதல் தவறு. அந்தப் படங்களில் வருபவர்கள் பெரும்பாலும் ரொம்பச் சாதாரணமான ஆட்கள். அவர்கள் தலைமேல் வந்து விழும் உத்தரவுகள்தான் கிறுக்குத்தனமானவை. அந்த உத்தரவைப் பயத்தோடும் பணிவோடும் அவர்கள் நிறைவேற்றப் பாடுபடும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. கோமாளி சேட்டைக்காகக் காத்திருந்தால் எதுவுமே நடக்காததுபோலத் தோன்றும்.

பேட்டர் பச்சோ இயக்கிய 'சாட்சி' இதற்கு நல்ல உதாரணம். பெலிகான் என்பவர் ஆற்றங்கரைக் காவலர். வீட்டில் அனுமதியில்லாமல் பன்றி அறுத்ததற்காகச் சிறைக்குப் போகிறார். கதை நடக்கும் கம்யூனிச ஆட்சிக் காலத்தில் அது நிஜமாகவே குற்றம். விவசாயிகள் விளைச்சலையும் கால்நடையையும் அரசு சொன்ன அளவுக்குக் கொடுத்தாக வேண்டும். பிடித்துக்கொண்டு போன பெலிகானைத் திடீரென விடுவித்து, பதவிக்கு மேல் பதவியாகக் கொடுக்கிறார்கள். முதலில் நீச்சல் குளத்துக்கு நிர்வாகி. ஒரு தளபதி தனியாக நீந்த வருகிறார் என்று குளத்தை மூடி வைத்திருக்கிறார்கள். வெளியே கூட்டம் காத்திருப்பதைப் பார்த்து பெலிகான் கதவைத் திறந்துவிடுகிறார், மறுபடி சிறை. அப்புறம் கேளிக்கைப் பூங்கா, அதற்கப்புறம் ஆரஞ்சு ஆராய்ச்சி நிலையம். அங்கே விளைந்த ஒரே ஆரஞ்சை விழா நேரத்தில் அவருடைய பிள்ளை தின்றுவிடுகிறது. மேடையில் எலுமிச்சை நீட்டப்படுகிறது. கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் புளிப்பு, ஆனாலும் நம்முடையது என்று விளக்கம் சொல்லப்படுகிறது. இந்த வசனம் இன்றைக்கும் ஹங்கேரியர்கள் வாயில் புழங்குகிறது. 1989இல் தொடங்கிய ஒரு வாரப் பத்திரிகை தன் பெயரையே 'ஹங்கேரி ஆரஞ்சு' என்று வைத்துக்கொண்டது.

அடுத்த தவறு, இதையெல்லாம் மிகைப்படுத்திய கற்பனை என்று ஒதுக்குவது. போருக்குப் பின் நாட்டை ஆண்ட கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி ராகோஷியின் ஆட்சியில் அந்தக் குளிர் நாட்டில் பருத்தி விளைவிக்கவே முயன்றார்கள். பெலிகானுக்கு இத்தனை பதவி எதற்குக் கொடுத்தார்கள் என்பது படத்தின் பிற்பாதியில் தெரியும்: அமைச்சராக இருந்த பழைய நண்பருக்கு எதிராக அவர் பொய்ச்சாட்சி சொல்ல வேண்டும். வாக்குமூலம் என்று கையில் கொடுத்த தாளைப் படித்துப் பார்த்தால், அது தீர்ப்பு! சிரிப்பு தொண்டையில் நிற்கும் இடம் அது. 1949 செப்டம்பரில் லாஸ்லோ ராய்க் என்ற முன்னாள் உள்துறை அமைச்சர் மீது நடந்த விசாரணை ஏறக்குறைய இப்படித்தான் நடந்தது. மனப்பாடம் செய்த வாக்குமூலங்கள், முன்கூட்டியே முடிவான தண்டனை, அக்டோபரில் தூக்கு. இது தெரியாமல் பார்த்தால் படத்தில் பாதிதான் நமக்குக் கிடைக்கும்.

கதை நடக்கும் காலத்தையும் படம் எடுத்த காலத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதைத்தான் நான் பெரிய தவறு என்பேன். 'சாட்சி' காட்டுவது ராகோஷியின் காலம். எடுக்கப்பட்டது 1969, 1956க்குப் பிறகு அதிகாரத்துக்கு வந்த கம்யூனிஸ்ட் தலைவர் காதாரின் ஆட்சியில். பழைய கொடுமைகளிலிருந்து தன்னைப் பிரித்துக் காட்டிக்கொண்ட ஆட்சி அது. அப்படியானால் இந்தப் படத்தை வரவேற்றிருக்க வேண்டாமா? பத்து வருடம் பெட்டிக்குள் வைத்தார்கள், 1979இல்தான் திரைக்கு வந்தது. ராய்க் கைதானபோது உள்துறை அமைச்சராக இருந்தவர் இதே காதார் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தப் படம் யாரையெல்லாம் உறுத்தியிருக்கும் என்று புரியும். கலைப்படைப்புகளை ஆதரிப்பவை, பொறுத்துக்கொள்பவை, தடை செய்பவை என்று மூன்றாகப் பிரித்து வைத்திருந்த காலம். நடுவில் உள்ள அந்தப் 'பொறுத்துக்கொள்ளும்' இடுக்கில்தான் நிறைய நையாண்டி பிழைத்தது. 2019இல் கான் திரைப்பட விழாவின் பழம்படப் பிரிவில் 'சாட்சி'யின் வெட்டுப்படாத வடிவம் காட்டப்பட்டது. கிடைத்தால் அதையே பாருங்கள்.

சரி, எல்லாமே கம்யூனிசத்தைக் கிண்டல் செய்வதுதானா? அப்படி எண்ணுவதும் தவறு. இஷ்ட்வான் ஓர்கேனியின் கதையை ஸோல்தான் ஃபாப்ரி 1969இல் 'வாருங்கள் மேஜர்' என்று படமாக்கினார். அது இரண்டாம் உலகப்போர்க் காலம். போர்முனையில் நரம்பு தளர்ந்துபோன ஒரு மேஜர் ஓய்வெடுக்க மலைக்கிராமத்து வீடு ஒன்றுக்கு வருகிறார். அந்த வீட்டுப் பையன் அவருக்குக் கீழே வேலை செய்யும் சிப்பாய். மேஜரின் மனதைக் குளிர வைத்தால் பையனுக்கு நல்லது நடக்கும் என்று குடும்பமே தவிக்கிறது. மேஜருக்குத் தூக்கம் வராது, அதனால் வீட்டில் எல்லாரும் இரவெல்லாம் அட்டைப்பெட்டி மடிக்க வேண்டும். வீட்டுக்காரரின் பார்வை உறுத்துகிறது என்று அவர் தொப்பியைக் கண்வரை இறக்கிவிட வேண்டும். பையன் ஏற்கெனவே இறந்துவிட்டான். அந்தத் தந்தியை, குடும்பத்தின் மேல் உள்ள பிரியத்தால், தபால்காரர் கொடுக்காமல் வைத்திருக்கிறார். இது நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. இதைவிடக் கருணையான நையாண்டிப் படம் எனக்குத் தெரிந்து இல்லை. மேஜராக வரும் லத்தினோவிச்சின் நடிப்புக்காகவே இன்னொரு முறை பார்க்கலாம்.

இன்னும் பின்னால் போனால் 1931இல் வந்த 'ஹிப்போலிட்'. வண்டித் தொழிலில் பணம் சேர்த்தவரின் வீட்டுக்கு, பிரபு குடும்பத்தில் வேலை பார்த்த பணியாள் வந்து சேர்கிறார். சாப்பிட உட்காரவும் தனி உடை, பேச்சுக்குப் பேச்சு மரியாதை என்று முதலாளியையே பழக்கத் தொடங்குகிறார். பழைய கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று தள்ளிவிடாதீர்கள். முதலாளியாக நடித்த ஜூலா கபோஷ் நாடே கொண்டாடிய நடிகர். யூதர் என்பதால் 1938இலிருந்து வந்த யூத எதிர்ப்புச் சட்டங்கள் அவருக்குத் திரையை மூடின. 1941இல் நியூயார்க்கில் இறந்தார்.

புதிய படங்களில் பலரும் முதலில் எடுப்பது ஜோர்ஜ் பால்ஃபியின் 'டாக்ஸிடெர்மியா' (2006). வேண்டாம். மூன்று தலைமுறைக் கதை, நடுவில் சோஷலிசக் காலத்துச் சாப்பாட்டுப் போட்டி வீரர், வாந்தியும் ரத்தமும் ஏராளம். நல்ல படம்தான். ஆனால் அதையே முதலில் பார்த்தால் அருவருப்பு மட்டும் மிஞ்சும், பின்னாலிருக்கும் வரலாறு கண்ணில் படாது. அவருடைய முந்தைய படமான 'ஹுக்லெ'யிலிருந்து (2002) தொடங்குங்கள். விக்கல் நிற்காத ஒரு கிழவர், பன்றி, எறும்பு, கிராமத்துச் சத்தங்கள். வசனம் கிட்டத்தட்ட இல்லை. வசனம் இல்லையே என்று நடுவில் கைப்பேசியை எடுத்தால் முக்கியமானது போய்விடும், ஏனென்றால் அந்த ஊரில் ஆண்கள் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருக்கிறார்கள், அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நாஜ்ரேவ் பகுதியில் பெண்கள் ஆர்செனிக் வைத்துக் கொன்ற வழக்கு 1929இல் வெளிவந்தது. படத்தின் நிழலில் இருப்பது அதுதான்.

கடைசியாக, தேடும்போது நடக்கும் ஒரு சின்னத் தவறு. ஹங்கேரியர்கள் குடும்பப் பெயரை முன்னால் எழுதுவார்கள். 'பச்சோ பேட்டர்' என்றும் 'பேட்டர் பச்சோ' என்றும் பார்த்தால் இரண்டு பேர் என்று நினைக்க வேண்டாம். இரண்டு விதமாகவும் தேடினால்தான் அவருடைய எல்லாப் படங்களும் கிடைக்கும்.