கார்ல புது ஆம்ப் (ஸ்பீக்கருக்கு பவர் ஏத்திக் குடுக்குற ஆம்ப்ளிஃபையர்) போட்டதும் கொய்ய்ங்னு சத்தமா? இத பாருங்க

ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கர்ல அந்த கொய்ய்ங் சத்தமும் கூடவே ஏறுதுன்னா அது பேட்டரிய சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர்ல இருந்து வர்ற சத்தம், ஆம்ப் போச்சுன்னு உடனே கழட்டி கடைக்கு தூக்கிட்டு ஓடாதீங்க. முதல்ல செட்ட ஆஃப் பண்ணிட்டு ஸ்டீரியோல இருந்து பாட்டு சிக்னல் கொண்டு வந்து ஆம்ப்ல சொருகியிருக்கிற ஆர்சிஏ வயர உருவிட்டு திரும்ப ஆன் பண்ணி பாருங்க, சத்தம் நின்னுருச்சுன்னா கோளாறு ஆர்சிஏ வயர்லயோ ஸ்டீரியோ பக்கமோ இருக்கு, நிக்கலன்னா பெரும்பாலும் ஆம்ப்ல இருந்து வண்டி பாடிக்கு போற எர்த் வயர்தான்.

நிறைய வண்டில எர்த்துதான் பிரச்சனை. பெயிண்ட் மேலயே போல்ட்ட முடுக்கி விட்டுருவாங்க, அது எப்படி எர்த் ஆகும்? வெறும் இரும்பு பளிச்னு தெரியுற அளவுக்கு உப்புத்தாள் போட்டு தேய்ச்சுட்டு முடுக்கணும், வயர் ஒன்றரை அடிக்குள்ள, பவர் வயர் என்ன தடிமனோ அதே தடிமன்ல இருக்கணும். சீட் பெல்ட் போல்ட்ல மட்டும் மாட்டாதீங்க.

அப்புறம் பவர் வயரும் ஆர்சிஏவும் ஒரே பக்கமா சேர்ந்து ஓடுச்சுன்னா ஒண்ண எதிர்பக்கம் மாத்துங்க. ஆம்ப்ல இருக்கிற கெயின் திருகு வால்யூம் கிடையாது, அத ஃபுல்லா வச்சா இரைச்சல்தான் வரும், குறைச்சு வைங்க. ஆர்சிஏ வயர் நடுவுல மாட்டி இந்த சத்தத்த தடுக்குற கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் எல்லாம் கடைசில பாத்துக்கலாம், மட்டமானது போட்டா பேஸ் அடிவாங்கும்.